டிரைவர் பக்கம் கதவு இல்லாத வண்டி

போன பௌர்ணமிக்கு வழக்கம்போல எங்க தெரு முழுக்கக் கூட்டம். ஆதி அண்ணாமலையில வீடு இருக்கறவங்களுக்கு பௌர்ணமி ராத்திரி தூக்கம்னு ஒண்ணு கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலத்துல பாதிக்கு மேல நடந்து கால் ஓஞ்சு போனவங்க எங்க வீட்டுத் திண்ணையிலதான் உட்கார்ந்து மூச்சு வாங்குவாங்க. அந்த இரைச்சலுக்கு நடுவுல மொட்டை மாடியில சாய்வு நாற்காலியில படுத்திருந்த எங்கப்பா திடீர்னு கேட்டாரு.

"ஏண்டா, உளுந்தூர்பேட்டையில அந்தப் பழைய ஏரோடிரம் ரோடு இன்னும் இருக்குதா?"

இரண்டாம் உலகப் போர் காலத்துல வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. இருக்குதுன்னு சொன்னேன். "அண்ணன் வந்தா அங்க எறக்க முடியுமா?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிக்க முடியல. காரணம் சொல்லணும்னா கொசுவத்தி கொஞ்சம் பெருசாவே சுத்தணும். பொறுத்துக்குங்க மக்கா.

அண்ணன்னு நான் சொல்றது எங்க பெரியப்பா பையனை. பெரியப்பா சீக்கிரம் போயிட்டதால எங்க வீட்டுலதான் வளர்ந்தாரு. அப்பா அரசு பஸ் டிரைவர். திருவண்ணாமலை - பெங்களூர் ரூட்ல, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரின்னு பல வருஷம் ஓட்டினவரு. 1994ல பிளஸ் டூ முடிச்சுட்டு அண்ணன் வந்து நின்னாரு. "சித்தப்பா, நான் பைலட்டுக்குப் படிக்கணும்." கமர்ஷியல் லைசென்ஸுக்கு இத்தனை மணி நேரம்னு பறக்கணும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாமதான் பணம் கட்டணும், மொத்தம் லட்சக்கணக்குல ஆகும்னு எங்கயோ விசாரிச்சு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாரு. எங்ககிட்ட இருந்தது கிரிவலப் பாதையை ஒட்டி ஒண்ணரை ஏக்கரா. அதுல பாதி பெரியப்பா பங்கு. அப்பா நோட்டை வாங்கி ரெண்டு பக்கம் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. "நெலத்தை விக்க முடியாதுப்பா." அவ்ளோதான். அதுக்கு மேல அந்த வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசல.

அண்ணன் கம்ப்யூட்டர் படிச்சாரு, கலிபோர்னியா போனாரு. 2010ல ஒருநாள் போன் பண்ணி பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டேன்னு சொன்னாரு. அமெரிக்காவுல அதுக்குக் குறைஞ்சபட்சம் 40 மணி நேரம் பறந்தா போதும். சம்பளத்துக்கு ஓட்டக்கூடாது, கூட வர்றவங்க செலவைப் பங்கு போட்டுக்கலாம். அப்பா போனை வாங்கி "சரிப்பா, ஜாக்கிரதை"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட குடுத்துட்டாரு.

2018 ஜூன்ல டிக்கெட் அனுப்பிட்டாரு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும். துணைக்கு நான் (தங்கமணி லீவு கிடைக்காம ஊர்லயே. அந்தக் குறை இன்னும் தீரல, ஹிஹி). சான் ஹோசேல இறங்கின மூணாம் நாளே அண்ணன் ஆரம்பிச்சாரு. "சித்தப்பா, சனிக்கிழமை காலையில பிளேன்ல போயி டிபன் சாப்பிட்டு வரலாமா?"

இது அந்த ஊர்ல ஒரு பழக்கமாம். சின்ன விமானம் வச்சிருக்கறவங்க, வாடகைக்கு எடுக்கறவங்க எல்லாம் வாரக் கடைசியில ஹோட்டல் இருக்கற ஒரு சின்ன ஏர்போர்ட்டா பார்த்துப் பறந்து போய், சாப்பிட்டு, திரும்பி வந்துடுவாங்க. 'நூறு டாலர் ஹாம்பர்கர்'னு இதுக்குப் பேரு. பர்கர் என்னவோ பத்து டாலர்தான், மிச்சம் பெட்ரோலும் வாடகையும். பேரு பழைய காலத்துப் பேரு, இப்ப முந்நூறுக்கு மேல ஆகுதுன்னு அண்ணன் சொன்னாரு. அப்பா மனசுக்குள்ள ரூபாயா மாத்திப் பார்த்தது அவர் முகத்துலயே தெரிஞ்சுது.

எந்த பிளேன்ல போறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அப்பாவுக்கு இடுப்பு வலி, முட்டி வலி ரெண்டும் உண்டு. பழைய லேலண்ட் வண்டியில என்ஜின் பக்கத்துலயே, அந்த அனல்ல உட்கார்ந்து சம்பாதிச்சது. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே அண்ணன் அவரை ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கிளப்ல இருந்த ஒவ்வொரு விமானத்துலயும் உட்கார வச்சுப் பார்த்தாரு. புதுச் செருப்பு வாங்கறப்ப போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.

முதல்ல செஸ்னா 152. ரெண்டே சீட்டு, பயிற்சி வண்டி. ரெண்டு பேர் உட்கார்ந்தா தோளோட தோள் உரசும். ஷேர் ஆட்டோவுல முன்சீட்டுல டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து போயிருக்கீங்களா? அதேதான். அப்பா எட்டிப் பார்த்துட்டு "நமக்கு ஆகாது"ன்னுட்டாரு.

அடுத்தது பைப்பர் ஆர்ச்சர். இறக்கை கீழ இருக்கும். அந்த இறக்கை மேலயே ஏறி நடந்து உள்ள போகணும். அகலம் செஸ்னாவைவிட ரெண்டு அங்குலம் கூட, சீட்டும் நல்லாருக்கு. ஆனா கதவு வலது பக்கம் ஒண்ணுதான். பைலட் உட்கார்றது இடது பக்கம். அதனால அவர் முதல்ல ஏறி உள்ள நகர்ந்துக்கணும், பக்கத்துல இருக்கறவர் ஏறி கதவைச் சாத்தணும். இறங்கறப்ப அவர் முதல்ல இறங்கினாத்தான் பைலட் வெளிய வர முடியும். இதை அண்ணன் விளக்கி முடிக்கறதுக்குள்ள அப்பா நின்னுட்டாரு.

"டிரைவர் பக்கம் கதவு இல்லையா?"

"இல்ல சித்தப்பா."

"ஏதாவது ஒண்ணுன்னா நான் எழுந்திருக்க முடியாமப் போனா, நீ எப்படி வெளிய வருவ?"

அண்ணன் பதில் சொல்லல. பல வருஷமா அந்த விமானத்தை ஓட்டறவரு. இந்தக் கேள்வி அவருக்குத் தோணாம இருந்திருக்காது. ஆனா அவருக்காக இன்னொருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவைன்னு எனக்குத் தோணிச்சு.

அப்புறம் ஒரு சிரஸ். பெரிய கார் மாதிரி உள்ள தோல் சீட்டு, அகலம், ரெண்டு பக்கமும் கதவு. முழு விமானத்தையும் தாங்கி இறக்கற பாராசூட் ஒண்ணு உள்ளயே மடிச்சு வச்சிருக்கான். ஆபத்துன்னா கூரையில இருக்கற கைப்பிடியை இழுக்கணும். "கொடை வச்சிருக்கான்!"னு அப்பா சந்தோஷப்பட்டாரு. ஆனா அந்த விமானத்தை ஓட்ட கிளப்ல தனியாப் பயிற்சி முடிச்சிருக்கணும், அண்ணன் முடிக்கல. வாடகையும் பயங்கரம்.

கடைசியில செஸ்னா 172. 1955ல முதல்முதலா பறந்தது, 44,000க்கு மேல செஞ்சிருக்காங்க. உலகத்துல இதைவிட அதிகமா எந்த விமானமும் செய்யப்படல. நம்ம அம்பாசிடர் மாதிரின்னு வச்சுக்குங்க, பழசு, ஆனா எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். இறக்கை தலைக்கு மேல. ரெண்டு பக்கமும் கதவு. அப்பா முட்டியைப் பிடிச்சுகிட்டு ஏறி உட்கார்ந்தாரு. உட்கார்ந்ததும் என்ன பண்ணாரு தெரியுமா? சீட்டை முன்னாடி பின்னாடி ஆட்டிப் பார்த்தாரு, லாக் விழுந்திருக்கான்னு. அண்ணன் என்னைப் பார்த்தாரு. செஸ்னாவுல சீட்டு தண்டவாளத்துல நகரும். லாக் சரியா விழலைன்னா மேல ஏர்றப்ப சீட்டு பின்னால வழுக்கி, பைலட் கைப்பிடியோட பின்னால போயிடுவாரு. அப்படி விபத்தே நடந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் சோதிக்கச் சொல்லிக் குடுப்பாங்களாம். எங்கப்பாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

"இதுவே போதும்"னாரு அப்பா. (நான் இறங்கறப்ப இறக்கை ஓரத்துல நெத்தியை இடிச்சுகிட்டேன். செஸ்னாக்காரங்க எல்லார் நெத்தியிலயும் அந்தத் தழும்பு இருக்குமாம். எனக்கு விபூதி வைக்கிற இடத்துல சரியா.)

அன்னிக்கு ராத்திரி எடை பார்க்கிற படலம். நாலு சீட்டு வண்டின்னா நாலு பேர் போகலாம்னு நினைச்சீங்கன்னா தப்பு. அந்த 172ல ஆள், மூட்டை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏத்தக்கூடிய சுமை 385 கிலோ. டாங்கை ரொப்பினா 200 லிட்டர், அதுவே 144 கிலோ. மிச்சம் 241. அண்ணன் ஒரு தாள்ல எழுதிகிட்டே "உன் எடை என்னடா?"ன்னாரு. நான் கூசாம "80"ன்னேன். அவர் போயி குளியலறையிலேர்ந்து எடை மெஷினைத் தூக்கிட்டு வந்து நடுக்கூடத்துல வச்சாரு. 86. அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே...

அண்ணன் 80, அப்பா 72, நான் 86, அம்மா 64. மொத்தம் 302. பெட்ரோலைக் குறைக்கலாம். 132 லிட்டர் போட்டா 95 கிலோ, ஆளுக்கு 290 மிஞ்சும். அப்பவும் 12 கிலோ இடிக்குது, சாப்பாட்டுக் கூடை வேற. போக வர ரெண்டு மணி நேரத்துக்கு 75 லிட்டர் போதும், பகல்ல அரை மணி நேரத்துக்குக் கூடுதலா இருந்தாலே விதிப்படி சரி, இன்னும் குறைச்சா நாலு பேரும் போகலாமேன்னு நான் கணக்கு சொன்னேன். அண்ணன் தாளை மடிச்சு வச்சுட்டாரு. "ஒன்றரை மணி நேரத்துக்கு மிச்சம் இல்லாம நான் கெளம்ப மாட்டேன்." அப்பா தலையை ஆட்டினாரு. இந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

"யார் சொன்னா நான் வர்றேன்னு? நான் சாப்பாடு கட்டித் தர்றேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு அம்மா முடிச்சுட்டாங்க. பயம்தான் காரணம்னு சொன்னாங்க. பாதிதான் நிஜம். திரும்பி வந்தப்புறம் எங்க போனோம், என்ன தெரிஞ்சுதுன்னு ஒண்ணு விடாம மூணு தடவை கேட்டாங்க.

அடுத்து மெனு. நாங்க போகப்போற இடம் கோலிங்கா பக்கம் ஹாரிஸ் ராஞ்ச். ஹோட்டலை ஒட்டியே ஓடுதளம், பைலட்டுங்ககிட்ட ரொம்பப் பிரபலம். என்ன ஒண்ணு, மாட்டுக்கறிக்குத்தான் பேர் போன இடம். அப்பாவுக்கு ஆடு கோழியோட சரி, அதுவும் வீட்ல செஞ்சாத்தான். அதனால நாமே எடுத்துட்டுப் போறதுன்னு முடிவு. அம்மா கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. ஆடுமா? ஆடும். அப்ப சாம்பார், ரசம் வேணாம். மூடின இடமா? ஆமா, ரொம்பச் சின்ன இடம். அப்ப முட்டை வேணாம். மேல போகப் போக காத்தழுத்தம் குறையறதால வயித்துல இருக்கற காத்து உப்பும், அதனால கொண்டைக்கடலை, சோடா ரெண்டும் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு. கடைசியில புளியோதரை, கெட்டியா தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பையில போட இஞ்சி மரப்பா. கூடை 4 கிலோ. அதையும் எடை போட்டோம்.

முக்கியமான விஷயத்தை யாரும் கேட்கல, அப்பாவே சொன்னாரு. உள்ள பாத்ரூம் கிடையாது. அப்பா சுகர்காரர். "பெங்களூர் டிரிப்ல காலையில கெளம்புறப்ப அரை டம்ளர் தண்ணி. டீ கிருஷ்ணகிரி வந்துதான். அங்கயும் ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டேன்." ரோட்டோர ஹோட்டல்ல டிரைவர் கண்டக்டருக்குத் தனி டேபிள் போட்டு காசு வாங்காம சாப்பாடு போடுவாங்க, தெரியும்ல. அங்க போயி இவர் ரெண்டு இட்லியோட எழுந்திருப்பாரு. "வயிறு நெறைஞ்சா கண்ணு சொருகும். பின்னாடி அம்பது பேரு தூங்கறாங்க." அண்ணன் தட்டுல கை வச்சபடியே கேட்டுகிட்டு இருந்தாரு. அவரும் பறக்கறதுக்கு முன்னாடி அரை வயிறுதான் சாப்பிடுவாராம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினா தரையிலேர்ந்து சூடு கிளம்பி விமானத்தைத் தூக்கிப் போடும், அதனாலதான் சீக்கிரம். ஏசி கிடையாது. தரையில ஓட்டிட்டுப் போறப்ப ஜன்னலைத் திறந்து வச்சுக்கணும். காதுல ஹெட்செட் போட்டாத்தான் பேச்சே கேட்கும். அது இல்லாம ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்துல இருந்தா நாள் முழுக்கத் தலை வலிக்கும். நான் பின்சீட்டுல, புளியோதரையை மடியில வச்சுகிட்டு. முட்டி முன்சீட்டு முதுகுல இடிக்குது. வசதின்னு பார்த்தா நம்ம விரைவுப் பேருந்து எவ்வளவோ தேவலாம், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா மேல போனதும் ஜன்னல் வழியா கீழ பார்த்தேன். இறக்கை தலைக்கு மேல இருக்கறதால ஒண்ணும் மறைக்கல. மஞ்சப் புல்லு போர்த்தின மலைங்க, மலைக்கு நடுவுல ஒரு பெரிய நீர்த்தேக்கம், அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டின வரைக்கும் சமவெளி. 5,500 அடி. எங்க மலை 814 மீட்டர். ரெண்டு அண்ணாமலையை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா வர்ற உயரம்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் கீழ பார்க்கவே இல்ல. அண்ணன் கையைப் பார்த்துகிட்டு இருந்தாரு. கை, கால், கண்ணு எங்க போகுது, எந்த மீட்டரை எத்தனை தடவை பார்க்கறாரு, எல்லாம். புதுசா வந்த டிரைவரை பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பாங்களே, அப்படி.

பக்கத்து சீட்டுலயும் ஒரு கைப்பிடி இருக்கும், அதையும் பிடிச்சு ஓட்டலாம். அண்ணன் சொன்னாரு, "சித்தப்பா, லேசா புடிங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்."

அப்பா ரெண்டு கையையும் தொடை மேலயே வச்சுகிட்டாரு. "வேணாம்பா. வண்டி உன்னுது."

ஹெட்செட்ல கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்தான். வேலையில இருந்த வருஷம் பூரா அப்பா இன்னொருத்தர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல, அவர் ஸ்டியரிங்கைத் தொட யாரையும் விட்டதும் இல்ல. அண்ணனுக்கும் அது தெரியும்.

இறங்கறப்ப காத்து வர்ற ஓட்டை வழியா குப்புன்னு ஒரு வாடை. சாலையோரத்துல ஆயிரக்கணக்கான மாடு அடைச்சு வச்ச பண்ணை. அங்க வர்றவங்க மூக்கைப் பொத்துவாங்களாம். அப்பா "நம்ம ஊர் வந்துடுச்சு"ன்னாரு. ஓடுதளம் 30 அடி அகலம்தான், நம்ம ஊர் ரோடு மாதிரி. தொட்டதே தெரியாம அண்ணன் இறக்கினாரு.

ஹோட்டல்ல காபியும் பழம் வச்ச ஒரு இனிப்பும் வாங்கிட்டு வந்தோம். மரத்தடியில உட்கார்ந்து அலுமினியத் தாளைப் பிரிச்சோம். மாத்திரையைப் போட்டுகிட்டு ரெண்டு வாய் சாப்பிட்டதும் அப்பா தலையைத் தூக்காமலே சொன்னாரு.

"அன்னிக்கு நெலத்தை வித்திருக்கலாம்."

இருபத்தி நாலு வருஷம் கழிச்சு. நான் வறுவலைக் கையில வச்சுகிட்டு அப்படியே இருந்தேன்.

அண்ணன் உடனே சொன்னாரு, "நீங்க வேற சித்தப்பா. வித்திருந்தா நான் ஏதோ ஒரு கம்பெனியில ராத்திரி பகல் தெரியாம ஓட்டிகிட்டு இருப்பேன். இப்படி உங்களைக் கூட்டிட்டு வந்து புளியோதரை சாப்பிட முடியுமா?" ரொம்ப வேகமா சொன்னாரு. பல வருஷமா தயார் பண்ணி வச்சிருந்த பதில் மாதிரி. பெரிய விமானம் ஏதாவது தலைக்கு மேல போனா இந்த மனுஷன் பேச்சை நிறுத்திட்டு அண்ணாந்து பார்க்கறதை அந்த மூணு நாள்ல எத்தனையோ தடவை பார்த்துட்டேன். அப்பாவும் பார்த்திருப்பாரு. அவர் ஒண்ணும் சொல்லல. தன் பங்குல இருந்து ஒரு உருண்டை புளியோதரையை எடுத்து அண்ணன் தட்டுல வச்சாரு. "சாப்பிடு."

"வேணாம் சித்தப்பா, திரும்ப ஓட்டணும்."

"ஆமால்ல"ன்னு அப்பா அதைத் திரும்ப எடுத்துகிட்டாரு.

போறப்ப நல்லாத்தான் போனோம், திரும்பறப்பதான் தூக்கிப் போட்டுச்சு. இஞ்சி மரப்பா மூணையும் நான் ஒருத்தனே காலி பண்ணேன். அப்பா மட்டும் பஸ்ல மாதிரியே அசையாம உட்கார்ந்திருந்தாரு.

பௌர்ணமி ராத்திரிக்கு வர்றேன். உளுந்தூர்பேட்டை ஓடுதளத்துல இப்ப யாரும் இறங்க முடியாது, இந்தியாவுல சின்ன விமானம் எடுக்கறதுக்கே அனுமதி மேல அனுமதி, விமானப்படைகிட்டயிருந்து நம்பர் வாங்கணும், அண்ணனோட அமெரிக்க லைசென்ஸை இங்க மாத்தணும்னு அப்பாவுக்கு வரிசையாச் சொன்னேன். கேட்டுகிட்டாரு.

"அதெல்லாம் அவன் பார்த்துக்குவான். சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அங்க பக்கத்துல ஹோட்டல் எதுவும் இல்ல. நாமதான் திருக்கோவிலூர் வழியா பஸ்ல எடுத்துட்டுப் போகணும்."

கீழயிருந்து அம்மா குரல் குடுத்தாங்க. "இந்த வாட்டி நானும் வருவேன். மெஷின்ல ஏறிப் பார்த்துட்டேன், 61தான்."